கியரில் நிற்கும் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட்டா?



சாயங்காலத்தில் நான் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்ப்பது நம் வகுப்பில் பலருக்கும் தெரியும். அங்கே வருகிறவர்கள் இப்போது கேட்பது ரிமோட் ஸ்டார்ட். "வண்டி வெயில்ல நிக்குது தம்பி, வீட்ல இருந்தே பட்டனை அழுத்தினா ஏசி ஓடணும்" என்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். சித்திரை மாசம் மத்தியானம் ஸ்டியரிங்கைத் தொட்டவனுக்கு அது தெரியும்.

ஆனால் இந்தக் கிட், கனடா, அமெரிக்கா மாதிரி பனி கொட்டும் ஊர்களில் பழகிய சாமான். அங்கே பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர். 'பார்க்'கில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். நம் ஊரில் கிளட்ச் வண்டிதான் அதிகம். சரிவில் நிறுத்தினால் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்து என்றுதான் நமக்கு ஓட்டச் சொல்லித் தருகிறார்கள். அதனால் கிளட்ச் வண்டிக்கு இதை மாட்டக் கூடாது என்பது என் கட்சி. கஸ்டமர் கேட்டாலும் சரி, முதலாளி சொன்னாலும் சரி.

லாக், அலாரம் வேலையை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல வேலை, ஆனால் படித்துச் செய்ய வேண்டிய வேலை. சில வண்டியில் லாக் வயர் எர்த் ஆனால் கதவு பூட்டும். சிலதில் அதே வயருக்கு 12 வோல்ட் போக வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரும் சும்மா இருக்கும்போது எர்த்தில் கிடக்கும். அதில் கண்ணை மூடிக்கொண்டு 12 வோல்ட்டைச் சேர்த்தால் நேரே ஷார்ட்! வயரை வெட்டி, சுவிட்ச் பக்கத்தை ரிலேயின் 87ஏ-யிலும், மோட்டார் பக்கத்தை 30-லும், பியூஸ் போட்ட 12 வோல்ட்டை 87-லும் கொடுக்க வேண்டும். லாக்குக்கு ஒரு ரிலே, அன்லாக்குக்கு ஒன்று. எது எந்த வகை என்று மல்டிமீட்டர் சொல்லும். டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது கரண்ட் இழுக்கும். ஏர்பேக் வயரிலோ ஈ.சி.யூ. வயரிலோ குத்தினால் நஷ்டம் நம் தலையில்.

அலாரம் இன்னும் வேடிக்கை. கம்பெனி அலாரம் ஆன் ஆகி இருக்கும்போது ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால், திருடன் வந்துவிட்டான் என்று அது அலறும். அதனால் ஸ்டார்ட்டுக்கு முன் அலாரத்தை அணைக்க ஒரு பல்ஸ் கொடுக்கிறோம். பல வண்டியில் அணைக்கும் வயரும் அன்லாக் வயரும் ஒன்றுதான். ஸ்டார்ட் ஆனபின் மறுபடி லாக் பல்ஸ் கொடுக்க மறந்தால் என்ன ஆகும்? வண்டி ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, கதவு திறந்து கிடக்கிறது, ஓனர் மாடியில் சாப்பிடுகிறார்!

அடுத்தது சாவியில் உள்ள சிப். அது இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இதைத் தாண்ட, சில பேர் ஸ்பேர் சாவியையே டேஷ்போர்டுக்குள் காயில் பக்கத்தில் வைத்து டேப் சுற்றிவிடுகிறார்கள். கம்பெனிக்காரன் போட்ட பூட்டை நாமே கழற்றிக் கொடுப்பது அது.

இப்போது என் கட்சிக்குக் காரணம். எங்கள் கடைக்கு வந்தது ஒரு கிளட்ச் வண்டி. கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்பதால் கிளட்ச் சுவிட்சை ஷார்ட் பண்ணச் சொன்னார் அண்ணன். நான்தான் பண்ணினேன். மறைக்க விரும்பவில்லை. வண்டியை யாரோ நகர்த்தி ஃபர்ஸ்ட் கியரில் விட்டிருந்தார்கள்; ஹேண்ட் பிரேக் லூஸ். டெஸ்ட் பண்ண ரிமோட்டை அழுத்தினேன். வண்டி ஒரு முழம் துள்ளி முன்னால் இருந்த ஸ்டூலை மோதிச் சாய்த்து நின்றது. அதற்கு ஒரு நிமிஷம் முன்புதான் எங்கள் கடைப் பையன் அதிலிருந்து எழுந்து டீ வாங்கப் போயிருந்தான்.

"மேனுவல் வண்டிக்கும் வழி இருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடும்போதே இறங்கிக் கதவைச் சாத்தி, பிறகு ரிமோட்டில் அணைக்க வேண்டும். நடுவில் கதவு திறந்தால் செட்டிங் போய்விடும். டோர் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தால்தான் இந்தக் காப்பு. மழையில் துருப்பிடித்த டோர் சுவிட்சை நம்பித் தெருவில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் வண்டியை விட என் மனசு ஒப்பவில்லை. கம்பெனியே ரிமோட் ஸ்டார்ட் கொடுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். நம் கிட்டுக்கு அது தெரியாது.

"நாம மாட்டலேன்னா அடுத்த கடைக்காரன் மாட்டுவான்டா" என்றார் அண்ணன். மாட்டுவான், உண்மைதான். ஆனாலும் "நீ படிக்கிற பையன், நீயே சொல்லு" என்று கஸ்டமரிடம் என்னை அனுப்பினார். எங்கள் வீட்டில் யாரும் எனக்கு முன் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அந்த வார்த்தை எனக்குப் பெரிசு. சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். ஸ்டார்ட்டர் வயரைக் கழற்றி, கிளட்ச் சுவிட்சைப் பழையபடி சேர்த்தோம். லாக்கும் அலாரமும் மட்டும் இருக்கட்டும் என்றவர் கூலியில் 500 ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

நம் லேபில் ஸ்டார்ட்டர் மோட்டார் கட்-செக்ஷன் இருக்கிறது. ஒரு கார் கதவு இல்லை. பழைய இரும்புக் கடையில் வயரிங்கோடு ஒரு கதவும், சாவியோடு ஒரு லாக் செட்டும் வாங்கிப் போடச் சொல்லி நம் மன்றம் துறைத்தலைவரிடம் மனு கொடுக்க வேண்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.