தடுத்தவர்களே பொறுப்பு

2024 ஃபெஞ்சல் புயல் நிவாரணமாக விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்ற தமிழக அரசின் அறிவிப்பை ஏற்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. திண்டிவனமும் விழுப்புரமும் வெள்ளத்தில் தவித்தன. இதே புயலுக்குப் புதுச்சேரி அரசு 5,000 ரூபாய் அறிவித்தது. புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்காரர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பதைத் தவிர வேறென்ன தவறு செய்தார்கள்?

மீனவர்களுக்கு நேர்ந்திருப்பது இதைவிடப் பெரிய அநீதி. குடிசைக்கு 10,000, ஹெக்டேர் நெல்லுக்கு 17,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று கணக்குப் போட்டவர்கள், கடலுக்குப் போகாதே என்று தாங்களே தடுத்த நாட்களுக்கு எதையும் ஒதுக்கவில்லை. எச்சரிக்கை வந்ததும் ஃபைபர் படகை மேட்டில் ஏற்றி, என்ஜினைக் கழற்றி வைத்து அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் மரக்காணம் கரையின் மீனவர்கள். மீன்பாடு இல்லாத நாளில் படகுக்காரருக்கு மட்டுமா நட்டம்? பங்குக்குப் போகிறவருக்கும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களுக்கும் அன்று வருமானம் கிடையாது. வட்டி மட்டும் நிற்காமல் ஏறுகிறது. மழைக்கால நிவாரணம் 6,000 ரூபாய் தருகிறோமே என்பார்கள். அது புயல் வராத ஆண்டிலும் தருவது. புயலின் இழப்புக்கு அது எப்படி ஈடாகும்?

2011இல் தானே புயல், 2020இல் நிவர், 2022இல் மாண்டஸ், 2024இல் ஃபெஞ்சல். சூடேறும் வங்கக் கடல் புயல்களுக்கு மேலும் ஈரத்தை ஊட்டுகிறது. நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் மணிக்கணக்கில் நகராமல் நின்று கொட்டியதை விழுப்புரம் மாவட்டம் அனுபவித்தது. கடல் தொழில் முடங்கும் நாட்கள் இனி குறையும் என்று நம்ப வழியில்லை.

கரையைக் காப்பதிலும் தமிழக ஆட்சியாளர்கள் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். 1989இல் முடிந்த புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்தன. அரிப்பு தமிழகக் குப்பங்களை எட்டியபோது இவர்கள் கண்ட ஒரே வைத்தியம் கல். தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டார்கள். அது மணலை மறித்ததில் வடக்கே சின்னமுதலியார்சாவடியின் கரை போனது. அடுத்துப் பொம்மையார்பாளையத்தில் வீடுகளையே கடல் கொண்டுபோனது. மணல் எந்தத் திசையில் ஓடுகிறதென்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. படகைப் பத்திரமாக மேட்டில் ஏற்றச் சொல்கிறார்களே, அந்த மேட்டை அழியவிட்டது யார்?

அறிவித்த தொகையைத் திருத்துங்கள். கடல் தொழிலுக்கென்று நேர்மையான இழப்பீட்டுக் கணக்கை மீனவப் பஞ்சாயத்துகளோடு உட்கார்ந்து உருவாக்குங்கள். கடலுக்குப் போகாதே என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கும்வரை, அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் உலை கொதிப்பதற்கும் நீங்களே பொறுப்பு.