ஈர வைக்கோல் போருக்குள் கனலும் சூடு

வைக்கோல் போர் எரிந்து போனால் பீடித் துண்டு என்பார்கள். இல்லையேல் வேண்டாதவர் வைத்த கொள்ளி என்பார்கள். இரண்டும் நடப்பதுண்டு. ஆனால் நெருப்பே அண்டாத போரும் தானே உள்ளுக்குள் கனன்று எரியக்கூடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. போர் போவதோடு பக்கத்துக் கொல்லைக்காரரோடு பேச்சும் முறிந்து போகிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், பல்லவர் காலத்திலேயே ஏரி வெட்டிப் பாலாற்று நீர் கொண்டுவந்ததைச் செப்பேடு கூறும் ஊர். இப்பகுதியில் சொர்ணவாரி நெல் ஆகஸ்டு, செப்டம்பரில் அறுவடைக்கு வரும். மாலை இடிமழையும் அதே சமயம்தான். முன்பு ஆள் வைத்து அறுத்து, அரி காய்ந்த பின் களத்தில் அடித்து, வைக்கோலை உலர்த்திப் போர் போட்டார்கள். இன்று இயந்திரம் அறுக்கிறது. தாள் பச்சையாக, களையும் புல்லும் கலந்து வயலில் விழுகிறது. கட்டுக் கட்டும் இயந்திரம் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடும் என்று அன்றே கட்டி அடுக்கி விடுகிறார்கள். இந்த அவசரம்தான் முதல் குற்றவாளி. இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருப்பதால் வாடகை சற்றுக் கூடினாலும் நஷ்டமில்லை. ஒரு ஏக்கர் வைக்கோல் இரண்டு மாடுகளுக்கு ஏறக்குறைய அரை வருடத் தீனி.

ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருந்தால் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் பெருகிச் சூட்டைக் கிளப்பும். நெருக்கமாக அடுக்கிய போரில் அச்சூடு வெளியேற வழியில்லை. பச்சைத் தீவனப் புல்லை உலர்த்திச் சேமிப்பதில் அபாயம் இன்னும் அதிகம். நெல் வைக்கோல் தீப்பிடிக்காமல் தப்பினாலும் கெட்டுப் போவது நிச்சயம். வெல்லப்பாகு மணத்துடன் பழுப்பேறிய தீவனத்தை மாடு ஆசையாய்த் தின்னும். ஆனால் அதிலுள்ள புரதம் செரிக்காததாக மாறியிருக்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலோ அதைவிடக் கெடுதல். அதைத் தின்ற எருமைகளுக்குக் காது நுனியும் வால் நுனியும் அழுகும் டெக்னாலா நோய் பஞ்சாபில் நன்கு அறியப்பட்டது.

போர் போட்ட முதல் ஆறு வாரங்கள் சூட்டைப் பார்த்து வர வேண்டும். ஒரு அங்குல இரும்புக் குழாயின் முனையைக் கூராக்கி, பக்கங்களில் துளையிட்டு, நடுப்போர் வரை செருகவும். நூலில் கட்டிய வெப்பமானியை அதனுள் இறக்கிக் கால் மணி நேரம் விட்டு எடுக்கவும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 42 டிகிரியோடு நின்றுவிடும். 100 டிகிரி சென்டிகிரேடு வரை காட்டும் ஆய்வுக்கூட வெப்பமானி வேண்டும். அது இல்லாதவர்கள் கடப்பாரையைச் செருகி அரை மணி கழித்து உருவிப் பார்க்கலாம்; கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் போர் அபாய நிலையை நெருங்கிவிட்டது.

50 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், 65ஐ எட்டுமுன் பிரித்து வெயிலில் உலர்த்திவிடுவது நலம். 65க்கு மேல் தினமும், 70க்கு மேல் சில மணிக்கு ஒரு முறையும் பார்த்து, மாடுகளை அப்பால் கட்ட வேண்டும். 80ஐத் தொட்டால் போரைப் பிரிக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் குபீரென்று பற்றிக்கொள்ளும். அதன் மேல் ஏறவும் கூடாது. உள்ளே கருகிப் பொந்தாகியிருந்தால் ஆள் அப்படியே உள்ளே சரிவார். 101க்குச் சொல்லி, தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர்க் குழாயைத் தயாராகப் பிடித்த பிறகே போரில் கை வைக்க வேண்டும்.