ஊட்டிக்குப் போக டிக்கெட் சலுகை உண்டு. பாத்ரூமுக்குப் போக வழி உண்டா?

கோடை விடுமுறை வந்தால் போதும். சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் நிற்கும் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கிளாம்பாக்கத்தில் கொடைக்கானல் பஸ்சுக்கு முண்டியடிப்பு. பெட்டி, பை, புளிச்சோற்றுத் தூக்கு சகிதம் ஊரே கிளம்புகிறது.

கிளம்பாத வீடுகளும் இந்த நகரத்தில் உண்டு. பேட்டைக்குப் பேட்டை உண்டு. அந்த வீட்டில் ஆட்டிசம் உள்ள பையன் இருப்பான். அல்லது பெருமூளை வாதத்தால் நடக்க முடியாத பெண் இருப்பாள். அல்லது அடிக்கடி வலிப்பு வரும் குழந்தை இருக்கும். "இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார் தகப்பனார். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வார். கூடப் பிறந்த பிள்ளைதான் பாவம். பள்ளிக்கூடம் திறந்ததும் "லீவுக்கு எங்கே போனே?" என்று கேட்டால், அயனாவரத்தில் அத்தை வீட்டுக்கு என்று சொல்லும்.

கையில் காசு இல்லை என்பதா காரணம்? அது மட்டும் இல்லை. சலுகை இருக்கத்தான் செய்கிறது. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத பிள்ளைக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ரெயில்வே 75 சதவீதம் தள்ளுபடி தருகிறது. இரண்டடுக்கு ஏ.சி. என்றால் 50 சதவீதம். கூடப் போகும் ஒருவருக்கும் அதே தள்ளுபடி. 2020-ல் முதியோர் சலுகையைக் கத்தரித்தபோதுகூட இதில் கை வைக்கவில்லை. தமிழக சாதாரண டவுன் பஸ்களில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட்டே கிடையாது.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2016-ம் ஆண்டு சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஒப்புக்கொள்கிறது. ரெயில்வே டிக்கெட் சலுகையோ நாலே நாலு வகைக்குத்தான். அதில் ஆட்டிசம் என்று தனி வகை கிடையாது. டாக்டர் சான்றிதழில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று வந்தால்தான் கவுண்ட்டரில் வேலை நடக்கும். சரி, அலைந்து திரிந்து அதையும் வாங்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்?

ஒரே ஒரு துணை!

அங்கேதான் இடிக்கிறது. சலுகை ஒரு துணைக்குத்தான். மெயில், எக்ஸ்பிரஸ் ரெயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பெட்டி உண்டு. கார்டு வேனோடு ஒட்டி, வண்டியின் ஒரு கோடியில் இருக்கும். கதவு அகலம், கக்கூஸ் அகலம், பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் அதில்தான். அதில் அம்மாவும் பிள்ளையும் ஏறினால், அப்பாவும் தங்கச்சியும் எங்கோ நடுவில் ஸ்லீப்பரில். குடும்பச் சுற்றுலா என்று பெயர், குடும்பம் மட்டும் இரண்டு துண்டு! சேர்ந்து போகலாம் என்று எல்லோரும் ஸ்லீப்பரில் ஏறினால், சக்கர நாற்காலி அந்தச் சந்தில் நுழையாது. பிள்ளையைத் தோளில் தூக்க வேண்டும். மூன்று வயதில் தூக்கலாம். பதிமூன்று வயதில் எந்தத் தாய் தூக்குவாள்?

வாய்விட்டுப் பேச எல்லோரும் கூச்சப்படும் சமாசாரம் ஒன்று உண்டு. பத்து, பன்னிரண்டு வயதிலும் டயாபர் கட்ட வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கே வைத்து மாற்றுவது? பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை இருக்கிறது, அது கைக்குழந்தைக்கு. வளர்ந்த பிள்ளையைப் படுக்கவைத்து மாற்ற ஒரு மேடை எங்கேயும் கிடையாது. காரின் பின் சீட்டிலும், ரெயில் கக்கூஸ் வாசலில் போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டும் மாற்றுகிறார்கள். மீசை அரும்பும் மகனை லேடீஸ் டாய்லெட்டுக்கு அழைத்துப் போனால், "ஏம்மா, இவ்ளோ பெரிய பையனை இங்கே கூட்டிட்டு வர்றியே, அறிவிருக்கா?" என்று சத்தம் வரும். அப்பா தனியாகப் பெண்ணை அழைத்து வந்தால் அவருக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. இதற்குப் பயந்தே முதல் நாள் மத்தியானத்திலிருந்து பிள்ளைக்குத் தண்ணீர் குறைத்துக் கொடுக்கும் தாய்மார்கள் உண்டு. மே மாத வெயிலில் என்ன கொடுமை இது!

"ஒரு படிதான் சார்"

அடுத்தது லாட்ஜ். போன் போட்டுக் கேட்டால் எல்லா மேனேஜரும் ஒரே பாட்டுத்தான்: "வாங்க சார், எல்லா வசதியும் இருக்கு. ஒரே ஒரு படிதான் சார்." போய் இறங்கினால் ஒன்பது படி. லிப்ட் இருக்கும், அதுவும் முதல் மாடியிலிருந்து தொடங்கும். சாதாரண சக்கர நாற்காலி ஏறக்குறைய 25 அங்குலம் அகலம். பாத்ரூம் வாசலோ பல இடங்களில் இரண்டடி, அதாவது 24 அங்குலம். ஒரே ஒரு அங்குலத்தில் விடுமுறை கெட்டது! ஆகவே விவரம் தெரிந்த பெற்றோர் இப்போதெல்லாம் வாயை நம்புவதில்லை. "பாத்ரூம் வாசலையும் வாசப்படியையும் செல்போனில் படம் பிடிச்சு அனுப்புங்க, அப்புறம் அட்வான்ஸ் போடறேன்" என்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்.

நடக்கும், ஓடும் பிள்ளைகளுக்கு வேறு தொல்லை. ஊட்டி மலை ரெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், மேலே ஏற சுமார் ஐந்து மணி நேரம், வழியில் 16 குகை. குகைக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டி முழுக்க "ஓ..." என்று கத்தும். மற்ற பிள்ளைகளுக்கு அது குஷி. இருட்டும் இரைச்சலும் ஆகாத ஆட்டிசம் பிள்ளைக்கு அது நரகம். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகவும் வழி கிடையாது. ஆனால் குன்னூர் வரை காரில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரெயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். பெரும்பாலான குகைகள் குன்னூருக்குக் கீழேயே முடிந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எத்தனை குடும்பம் ரெயிலில் போயிருக்கும்!

இந்தக் குடும்பங்களுக்குத் திடீர்ப் பயணம் ஒத்துவராது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். போகும் இடத்தின் படத்தைப் பத்து நாள் முன்பிருந்தே பிள்ளைக்குக் காட்டுவார்கள். ஒத்திகையாக பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரெயிலில் ஒரு சாயங்காலம் போய் வருவார்கள். பிள்ளையின் தட்டு, தலையணை, சத்துமாவு எல்லாம் கூடவே போகும். வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலும், ராத்திரித் தூக்கம் கெட்டாலும் ஆபத்து. எனவே மாத்திரை பெரிய பெட்டியில் போகாது, தோள் பையில் போகும். இன்னொரு செட் அப்பாவிடம் இருக்கும். தண்ணீரைக் கண்டால் கையை உதறிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் உண்டு. ஏரி, அருவி, கடல் என்றால் ஒருவர் பிள்ளை மேல் வைத்த கண்ணை எடுக்கக்கூடாது. சட்டைப் பையில் பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டு அவசியம். ரெயிலில் காணாமல் போனால் 139, வெளியில் என்றால் 1098.

பிள்ளை பிடிப்பவனா?

கடைசியில் வருவது ஜனங்கள். கத்துகிற பையனைக் கட்டிப் பிடித்து இழுத்து வரும் தகப்பனைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும்? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோவிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை கடத்த வந்தவர் என்று சந்தேகித்து ஒரு கும்பல் அவரை அடித்தே கொன்றது. அதைப் படித்த பெற்றோர் வெளியூர் போகும்போது பிள்ளையின் அடையாள அட்டை நகலை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

அடிப்பவர்கள் எங்கோ சிலர். முறைப்பவர்கள் எல்லா இடத்திலும். "புள்ளைய அடக்கக் கூடாதா?" என்று ஒருவர். "எங்க ஊர்ல ஒரு வைத்தியர் இருக்காரு, மூணே வாரம்" என்று இன்னொருவர். இலவச யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஜன்னலோர சீட்டைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவும் கூடாது. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் ஒரு சிறுவன் மிரண்டு போனான் என்று தனியார் விமானக் கம்பெனி அவனை ஏற்ற மறுத்தது. அப்போது சிறுவனுக்காக வாதாடியவர்கள் சக பயணிகள்தான். அவர்களில் டாக்டர்களும் இருந்தார்கள். கம்பெனி மசியவில்லை. விஷயம் நாடு முழுக்கப் பரவியது. விமானத் துறை விசாரித்து 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பயணியின் உடல்நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மறுக்கக்கூடாது என்று விதியும் அந்த வருஷமே திருத்தப்பட்டது.

மெரினாவையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 27-ல் மணல் மேல் 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். செலவு சுமார் 1 கோடியே 14 லட்சம். அதற்கு முன் வருஷத்தில் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். பாதை திறந்து இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது; மறுபடியும் சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் போகிறவர்கள் அலைக்குப் பக்கத்தில் போக முடிந்தது. வழி போட்டால் ஜனங்கள் வரத்தான் செய்கிறார்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. கார் நம்பர், எத்தனை பேர், எங்கே தங்கல் என்று படிவம் கேட்கிறது. "சிறப்புக் குழந்தை வருகிறதா?" என்று அதில் ஒரு கட்டம் சேர்க்க எத்தனை ரூபாய் ஆகும்? ஆம் என்று குறித்தவர்களுக்கு எந்தப் பூங்காவில் சக்கர நாற்காலி போகும், எங்கே அகல டாய்லெட், எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று ஒரு தாள் அனுப்பலாம். சுற்றுலாக் கழகம் தன் ஓட்டல் தமிழ்நாடு விடுதிகளில் படி எத்தனை, பாத்ரூம் வாசல் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதட்டும். ஒரு டேப்பும், அரை நாளும் போதும். இப்போதே தொடங்கினால், அக்டோபரில் பூஜா லீவுக்காவது அந்தத் தகப்பனார் டிக்கெட் போடுவார்.