நிற்கிற வண்டிக்கு ஓடுகிற இஞ்சின் எதற்கு?

அமெரிக்கா தேசத்தில் கலிபோர்னியா மாகாணத்தில் ஒரு சட்டம் இருக்கின்றது. பாரத்தோடு சேர்த்து 10,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் நாலரை டன்னுக்கு மேல் என்று கணக்கிடப்பட்ட டீசல் லாரியானாலும் பஸ்ஸானாலும், நின்ற இடத்தில் தொடர்ந்து 5 நிமிடத்துக்கு மேல் இஞ்சினைச் சும்மா ஓடவிடக் கூடாது என்பதே அந்தச் சட்டம். 2004ல் செய்யப்பட்டு, 2005 பிப்ரவரி முதல் அமலில் இருந்து வருகின்றது. மீறினால் குறைந்தது 300 டாலர் அபராதம்.

இதைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வண்டி நின்றால் இஞ்சினை நிறுத்த வேண்டும் என்பதற்குக்கூடவா ஒரு சட்டம், ஒரு சர்க்கார், ஓர் அபராதம் என்று கேட்கலாம். சட்டம் வேண்டித்தான் இருந்தது என்பதோடு, அந்தச் சட்டமும் போதவில்லை என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

முதலில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பார்ப்போம். டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை அமுக்கு அமுக்கென்று அமுக்கினால் காற்று சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக் கொள்ளும். பனிக்காலத்தில் இரும்பே சில்லிட்டுக் கிடக்கும்போது, அமுக்கின காற்றின் சூட்டை அந்த இரும்பு குடித்து விடும். எண்ணெயும் மெழுகு கட்டிக் கொள்ளும். பாட்டரியும் சோர்ந்து போகும். காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே பனி தேசத்து லாரிக்காரர்கள் இராத்திரி முழுவதும் இஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனமான காரியந்தான். நாம் அதைக் குறை சொல்ல வரவில்லை.

நிற்க, அதன் பிறகு என்ன நடந்தது? உள்ளே சூடேற்றும் கம்பி வந்தது; இஞ்சின் இரும்பையே மின்சாரத்தால் சூடாக வைத்திருக்கும் கருவி வந்தது; குளிருக்கென்றே பக்குவம் செய்த எண்ணெய் வந்தது. காரணம் போய்விட்டது. பழக்கம் மாத்திரம் போகவில்லை! பனியைக் கண்ணால் கண்டிராத வெயில் பிரதேசத்து டிரைவரும், "டீசல் இஞ்சினை அடிக்கடி நிறுத்தினால் கெட்டுப் போகும்" என்கிறார். யார் சொன்னது என்றால், தொழில் கற்றுக் கொடுத்தவர் சொன்னார் என்பார். அவருக்கு யார் சொன்னது என்றால், அவருக்குக் கற்றுக் கொடுத்தவர். இந்த மாதிரியான பதிலை வாசகர்கள் வேறு பல விஷயங்களிலும் கேட்டிருப்பார்கள்.

உண்மை இதற்கு நேர் விரோதமாக இருக்கின்றது. பாரமில்லாமல் ஓடும் இஞ்சினுக்குள் சூடு போதாது. சூடு போதாததால் எண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து, மசகெண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப் போகச் செய்கின்றது. கரி படிகின்றது. இன்றைய லாரிகளில் புகையை வடிகட்டவும் விஷ வாயுவைக் குறைக்கவும் வைத்திருக்கும் கருவிகள் சூடான புகையில்தான் சரியாக வேலை செய்யும்; சும்மா ஓடும்போது வரும் சூடு அவற்றுக்குப் பற்றாது. ஆகவே இஞ்சினைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கொண்டு செய்யும் காரியம் அந்த இஞ்சினையே கெடுக்கின்றது. திரும்பக் கிளப்ப அதிக எண்ணெய் செலவாகும் என்பதும் இதைப் போன்றதுதான். சூடாக இருக்கும் இஞ்சினைக் கிளப்ப ஆகும் எண்ணெய், அது ஒரு நிமிடம் சும்மா ஓட ஆகும் எண்ணெயில் ஒரு சிறு பங்குதான். கனத்த பாரத்தோடு மேடு ஏறி வந்த வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, சூடு தணிந்த பின் நிறுத்து என்று இஞ்சின் செய்கிறவர்கள் சொல்லுவதில் நியாயம் உண்டு. அதற்கு அந்த 5 நிமிடமே போதும்.

பணக் கணக்குப் பார்த்தாலும் அப்படித்தான். ஒரு பெரிய லாரி ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் சுமார் 3 லிட்டர் எண்ணெய் போகும். நெடுந்தூரம் போகும் அமெரிக்க லாரி ஒன்று வருஷத்தில் சுமார் 1,800 மணி நேரம் இப்படி நின்றபடி ஓடுவதாக அந்நாட்டு எரிபொருள் இலாகாவினர் கணக்கிட்டிருக்கின்றனர். அதாவது 1,500 காலன், சுமார் 5,700 லிட்டர், ஓர் அடி தூரங்கூட நகராமல் புகையாய்ப் போகின்றது.

அந்தப் புகை எங்கே போகின்றது? கலிபோர்னியா சர்க்கார் 1998லேயே டீசல் கரித் தூளை விஷப் பொருள் என்று தீர்மானித்தது. அம்மாகாணத்தில் காற்றிலுள்ள விஷங்களால் வரக்கூடிய புற்றுநோய் அபாயத்தில் நூற்றுக்கு 70 பங்கு இந்தக் கரியால் வருவது என்பது அந்தச் சர்க்காரின் காற்று இலாகாவே சொல்லும் கணக்கு. 2012ல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகத்துக்கிடமில்லாமல் வகைப்படுத்திவிட்டது. ஓடுகிற வண்டியின் புகை சாலை நெடுகப் பரவும். நிற்கிற வண்டியின் புகையோ ஒரே வாசலில், ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே தெருவில் மணிக்கணக்காய் இறங்கும். அந்தத் தெரு யாருடைய தெரு? லாரிகள் வரிசை போட்டு நிற்பது சீமான்களின் பங்களா வாசலில் அல்ல. ஓக்லாந்து துறைமுகத்தை ஒட்டிய மேற்கு ஓக்லாந்தில் கறுப்பு மக்களும் ஏழைகளும் வசிக்கின்றார்கள். லாங் பீச் துறைமுகத்துப் பாதையில் கூலிக்காரர்கள் வசிக்கின்றார்கள். சாமான் யாருக்கோ போகின்றது. கரி இவர்கள் குழந்தைகளின் நுரையீரலில் தங்குகின்றது.

ஆகவே சட்டம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அபராதம் யார் தலையில் விழுகின்றது என்பதையும் பார்க்காமல் விட முடியாது.

அமெரிக்காவில் லாரி டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்த பிறகுதான் மறுபடி ஓட்டலாம் என்று ஒரு சட்டம் இருக்கின்றது. நல்ல சட்டம். அந்த ஓய்வை அவன் எங்கே எடுப்பது? லாரியின் தலைக்குள், ஸ்டீரிங்குக்குப் பின்னால் உள்ள படுக்கையில்தான். மலைப் பக்கம் என்றால் வெளியே பனி. சமவெளி என்றால் கோடையில் அனல். குளிர்ந்த காற்றோ சூடான காற்றோ இஞ்சின் ஓடினால்தான் வரும். முதலில் படுக்கை லாரிகளுக்குக் கொடுத்திருந்த விலக்கு 2008 ஜனவரி முதல் எடுபட்டது. நியாயந்தான், ஏனென்றால் தனிச் சூடேற்றிகளும், பெரிய இஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்றைக் குளிர்விக்கும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. 2008க்குப் பிந்திய இஞ்சின்கள் 5 நிமிடத்தில் தாமே நின்றுவிட வேண்டும், அல்லது குறைந்த விஷமே வெளிவிடுபவை என்று அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். இதெல்லாம் சரி. ஆனால் அந்தக் கருவியை வாங்கி வைக்க வேண்டியவன் யார்? வண்டியின் முதலாளி. வாங்கி வைக்காவிட்டால் இராத்திரி விறைத்துச் சாகிறவன் யார்? டிரைவர். போலீஸ்காரன் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவன் யார்? அவனும் டிரைவர்தான்! சட்டத்தில் முதலாளியும் பொறுப்பாளி என்று எழுதித்தான் இருக்கின்றது. கையில் அகப்பட்டவனைப் பிடிப்பது சுலபம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துறைமுகத்தில் இன்னும் மோசம். அங்கே பெட்டி இழுக்கும் லாரிக்காரர்களில் பெரும்பாலோருக்கு மணிக்கணக்கில் கூலி கிடையாது. நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பலரைக் கம்பெனிகள் "நீ வேலையாள் அல்ல, சுதந்திரமான ஒப்பந்தக்காரன்" என்று பெரிய மனுஷப் பட்டம் கொடுத்து வைத்திருக்கின்றன. லாரிக் கடன் அவன் பேரில், எண்ணெய் அவன் செலவில். வாசல் திறக்காமல் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி மாத்திரம் கிடையாது. வரிசை அங்குலம் அங்குலமாய் நகரும்போது அவன் இஞ்சினை நிறுத்துவது எப்படி? காக்க வைத்தவன் ஒருவன், அபராதம் கட்டுகிறவன் ஒருவனா?

கலிபோர்னியாச் சட்டசபைக்கு இந்த நியாயம் ஒரு தடவை தோன்றியிருக்கின்றது. 2002ல் செய்த ஒரு சட்டத்தில், துறைமுக வாசலில் ஒரு லாரியை 30 நிமிடத்துக்கு மேல் இஞ்சின் ஓடக் காக்க வைத்தால், சரக்கு மேடையை நடத்தும் கம்பெனிக்கே தடவை ஒன்றுக்கு 250 டாலர் அபராதம் என்று வைத்தார்கள். இதைப் படித்ததும் நமக்கு மிக்க சந்தோஷம் உண்டாயிற்று. ஆனால் அதே சட்டத்தில் ஒரு பின்வாசலும் வைத்திருந்தார்கள். முன்கூட்டி நேரம் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு செய்தாலோ, வாசல் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினாலோ கம்பெனி தப்பித்துக் கொள்ளலாம். கேட்க வேண்டுமா! பல கம்பெனிகள் நேரம் குறிக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களைப் பின்னால் ஆராய்ந்த பல்கலைக்கழகத்தார், அந்த ஏற்பாட்டால் வரிசை குறைந்ததற்கு அத்தாட்சி காணவில்லை என்று எழுதினார்கள். டிரைவருக்கு இப்படி ஒரு பின்வாசல் யாராவது வைத்துக் கொடுத்தார்களா?

இனி நியூயார்க் நகரத்து விஷயம். அங்கே இந்தச் சட்டம் 1971 முதல் இருக்கின்றது. மூன்று நிமிடந்தான் கெடு. பள்ளிக்கூடத்தை ஒட்டி என்றால் 2009 முதல் ஒரே நிமிடம். சட்டம் ஏட்டிலே சுகமாய்த் தூங்கியது. லாரிகள் தெருவிலே புகைந்தன. கடைசியில் 2018ல் ஒரு திருத்தம் செய்தார்கள். யார் வேண்டுமானாலும், நின்றபடி ஓடும் லாரியையோ பஸ்ஸையோ மூன்று நிமிடத்துக்கு மேல் படம் பிடித்து அனுப்பலாம்; அபராதம் வசூலானால் அனுப்பியவருக்கு நாலில் ஒரு பங்கு. முதல் குற்றத்துக்கு 350 டாலர் என்றால் அவருக்கு 87 டாலர் 50 சென்ட். அதற்குப் பிறகு புகார்கள் ஆயிரம் பதினாயிரம் என்று வந்து குவிந்தன. தூங்கின சட்டம் எழுந்து உட்கார்ந்தது.

"இது காட்டிக் கொடுத்துக் கூலி வாங்குவதல்லவா" என்று ஒரு சாரார் கேட்கின்றார்கள். காசுக்காக ஒருவரையொருவர் வேவு பார்க்கும் பழக்கம் நமக்கும் பிடித்தமானதல்ல. ஆனால் இங்கே சம்மன் போவது கம்பெனியின் பேருக்கு, டிரைவரின் பேருக்கல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். புகையை முழுங்குகிறவனுக்கு அதைத் தடுக்கும் அதிகாரத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தால் அதில் என்ன இழிவு? சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தன் அதையே செய்தால் கடமை, தெருவில் குடியிருப்பவன் செய்தால் கோள் சொல்லுவதா? 2024ல் இந்தத் திட்டத்தைக் கட்டுப்படுத்த நகரசபையில் ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். அப்படிக் கட்டுப்படுத்த விரும்புகிறவர்களை நாம் கேட்பது ஒன்றே. 1971 முதல் 2018 வரை நகரசபையின் சொந்த உத்தியோகஸ்தர்கள் எத்தனை லாரியின் இஞ்சினை நிறுத்த வைத்தார்கள் என்ற கணக்கை முதலில் மேஜைமீது வைக்கட்டும். மசோதாவைப் பற்றிப் பிறகு பேசிக் கொள்ளலாம்.