கழுத்தை இறுக்கிக் காசு கேட்கும் பள்ளிக்கூடம்



லீவுக்குத் தஞ்சாவூர் வரும் பேரப்பிள்ளைகளின் செல்போனில் 'ஹாரி பாட்டர்: ஹாக்வார்ட்ஸ் மிஸ்டரி' இருக்கிறதா, பாருங்கள். 2018இல் வந்த விளையாட்டு. 'ஃப்ரீதானே தாத்தா' என்பார்கள்.

சேர்வது சுலபம். பெயர், முகம், ஒரு மந்திரக்கோல், நான்கு இல்லங்களில் ஒன்று, அட்மிஷன் முடிந்தது. பாடம் என்பது திரையில் மின்னும் இடத்தைத் தட்டுவது. தட்டத் தட்ட 'எனர்ஜி' கரையும். நான்கு நிமிடத்துக்கு ஒரு புள்ளிதான் திரும்ப ஊறும்.

முதல் வருடத்திலேயே ஒரு பேய்க்கொடி பிள்ளையைச் சுற்றி இறுக்குகிறது. அந்த நேரம் பார்த்து எனர்ஜி தீர்கிறது! காத்திரு, இல்லையேல் ரத்தினக்கல் கொடு. கல் தீர்ந்தால் அப்பாவின் பணம்.

'சினிமாவுக்கும் டிக்கெட் உண்டே' என்று வாதாடாதீர்கள். டிக்கெட்டை வாசலில் கேட்பார்கள். கதாநாயகன் தூக்கில் தொங்கும்போது படத்தை நிறுத்திக் கேட்பதில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் நமக்கு முறை வைத்து விடுகிறார்கள். அது நிஜப் பஞ்சம். எனர்ஜிக்கு என்ன பஞ்சம்? மடையை அடைப்பவனும் அவன், திறக்கக் காசு கேட்பவனும் அவன்.

ரம்மிக்கு 2022இல் தமிழ்நாடும் 2025இல் மத்திய அரசும் சட்டம் போட்டன. இது அதில் சிக்காது. பணம் போகும், ஜெயித்தாலும் வராது. ஆகவே சூதாட்டம் இல்லையாம்!

இன்றே பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். அந்தப் பாஸ்வேர்டு பிள்ளையின் பிறந்த தேதியாக இருக்கவேண்டாம்.