வீணாகும் வாக்கு எது?

மக்களாட்சியில் வாக்குரிமையே குடிமக்களின் பெரும்பேறு என்று குடிமையியல் பாடத்தில் படித்துத் தேர்விலும் எழுதிவிட்டோம். ஆனால் அவ்வுரிமை எத்துணைத் தொல்லை தரும் என்பதைச் சென்ற ஜூன் மாதம் நடந்த மாணவியர் தலைவி தேர்தலில்தான் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறிந்துகொண்டோம்.

மூவர் போட்டியிட்டனர். ஒருத்தி அதிகாரம் செய்பவள்; அவள் வந்துவிடுவாளோ என்று எங்களுக்கு அச்சம். இன்னொருத்தி இனிமையாகப் பேசுபவள். மூன்றாமவள் கிராமத்திலிருந்து வருபவள். மாலைச் சிறப்பு வகுப்பைக் கால்மணி முன்னதாக முடித்தால் ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்து இருட்டுமுன் வீடு சேரலாம், அதைத் தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் கேட்பேன் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் மனம் அவளைத்தான் விரும்பியது. "அவள் எங்கேடி ஜெயிக்கப் போகிறாள்? அவளுக்குப் போட்டால் அந்த அதிகாரக்காரி வந்துவிடுவாள்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, இனிமையாகப் பேசியவளுக்கே வாக்களித்தோம். அவளே வென்றாள். கிராமத்துத் தோழிக்கு 41 வாக்குகள். மறுநாள் வேப்பமரத்தடியில் சாப்பிடும்போது பேச்சு வந்தது. எங்கள் வகுப்பில் மட்டும் 19 பேர் அவளை விரும்பியும் அவளுக்கு வாக்களிக்கவில்லை! ஜெயிக்க மாட்டாள் என்று சொல்லிச் சொல்லியே அவளைத் தோற்கடித்திருக்கிறோம்.

வீட்டில் பெரியவர்களைக் கேட்டோம். "அதிக வாக்குப் பெற்ற ஒருவர்தானே வெல்கிறார்? வாக்கைச் சிதறவிட்டால் வேண்டாதவர் வந்துவிடுவார்" என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்று 1967ஆம் ஆண்டுத் தேர்தல். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் இராஜாஜி. 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எதிர்த்துப் போராடியது தி.மு.க. ஆயினும் 1967இல், காங்கிரசை வீழ்த்த வேண்டும் என்பதற்காக, அவருடைய சுதந்திராக் கட்சியும் தி.மு.க.வும் கூட்டணி சேர்ந்தன. தனிக்கட்சி என்று பார்த்தால் காங்கிரசுக்கே சற்றுக் கூடுதல் வாக்குகள்; ஆனால் 234 இடங்களில் 137ஐ தி.மு.க. வென்றது. கணக்கு பலித்தது.

கதை அங்கே முடியவில்லை. 1937இலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் இராஜாஜி. 1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டபோது, தள்ளாத வயதில் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. 1972 டிசம்பர் 25இல் அவர் மறைந்தார். எந்தக் கட்சி சரி என்று சொல்ல நாங்கள் வரவில்லை (வரலாற்று ஆசிரியை கோபித்துக்கொள்வார்கள்). வெற்றிக்கு உதவியவரே பின்னர் போய்க் கெஞ்ச வேண்டியதாயிற்றே என்பதுதான் எங்கள் மனத்தை உறுத்துகிறது.

வேண்டாதவரைத் தடுக்க வாக்களிப்பது பாவம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். நாங்களே செய்தவர்கள்தாமே! ஆனால் வாக்குச் சீட்டில் காரணம் எழுத இடமில்லை. இனிமையாகப் பேசியவள், தன் பேச்சுக்காகவே வாக்குகள் விழுந்தன என்று எண்ணிக்கொண்டாள். நாங்கள் இன்னொருத்திக்கு அஞ்சிப் போட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? 2013இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் வந்த 'நோட்டா'வும் இவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. எது வேண்டும் என்று சொல்வதில்லை. எங்கள் தேர்தலில் பேருந்தைப் பற்றிப் பேசியவை அந்த 41 வாக்குகள் மட்டுமே. அவற்றைத்தான் வீணான வாக்குகள் என்று நாங்கள் கேலி செய்தோம்.

இப்போது அந்தத் தோழியே ஒரு மனு எழுதியிருக்கிறாள். வெட்கத்தோடு நாங்களும் கையெழுத்திட்டோம். பார்க்கலாம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஜூனில் நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் இப்போதே, "அக்கா, அடுத்த வருஷம் யார் ஜெயிப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். "உங்களுக்கு யார் வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள்.