பாலைப் பார்க்குமுன் தீவனத்தைப் பாருங்கள்



பாலில் தண்ணீர் கலந்தால் பால் கூட்டுறவுச் சங்கத்தில் உடனே பிடித்துவிடுகிறார்கள். தீவனத்தில் பூத்த பூசணத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் கடலைப் பிண்ணாக்கை உடைத்தால் உள்ளே பச்சையாகப் பொடி உதிரும். “மாடுதானே தின்கிறது” என்று தொட்டியில் போட்டுவிடுகிறோம். அந்தப் பூசணம் சுரக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சை மாட்டின் கல்லீரல் ‘எம்1’ என்ற வடிவமாக மாற்ற, அது பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பால் ஆய்வில், நாடு முழுவதும் எடுத்த 6,432 மாதிரிகளில் 368-இல் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அவற்றில் 88 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. மற்ற மாநிலங்களைவிட இதுவே அதிகம்.

கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாமக்கல் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மாடு வைத்திருப்பவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. மழை மாதங்களில் ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கமும் உறுப்பினர்களிடம் தீவன மாதிரி திரட்டி அங்கே அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணத்தைப் பால் கூட்டுறவு ஒன்றியங்களே ஏற்கப் பால்வளத் துறை உத்தரவிட வேண்டும்.

– பால் உற்பத்தியாளர் ஒருவர், ராசிபுரம்